கட்டைவிரல் மேடு

கோரிமேடு பஸ் நிறுத்தச் சுவரில்
இன்னும் கிழியாமல் இருக்கிறது:
'ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிறியர்
கு. அர்த்தனாரி அவர்களுக்குக்
கண்ணீர் அஞ்சலி.'
வல்லின றகரம்.
கல்யாணப் பத்திரிகை வந்தாலே
பிழையைச் சிவப்பு மையில் சுழித்து
மொய்க் கவரோடு திருப்பிக் கொடுத்த மனுஷன்.
பதினாறாம் நாள் பால் வாங்கப் போனபோது
அவர் பேனாவை எடுத்துப் போனேன்.
சுழித்தேன்.
ஓரத்தில் அரை மார்க் குறைத்தேன்.

முப்பத்தோரு வருஷம் சாக்பீஸ்.
ஓய்வு பெற்ற மறுநாள்
லீ பஜாரிலிருந்து ஒரு டிரம்மை
உருட்டிக்கொண்டு வந்தார்.
பின்னறையில் நிறுத்தி, மணல் நிரப்பி,
மேலே தடித்த கண்ணாடி வட்டு,
அதன் மேல் இன்னொன்று,
நடுவே கருந்தூளும் தண்ணீரும்.
தள்ளு, இழு, ஓர் அடி நகர்.
தள்ளு, இழு, ஓர் அடி நகர்.
மேலே இருப்பது குழியுமாம்,
கீழே இருப்பது குவியுமாம்.
யார் சொல்லியும் இல்லை, அது அப்படித்தானாம்.

என்னோடு அக்கினியை மூன்று சுற்றுதான் வந்தார்,
அதற்கே புகை கண்ணைக் கரிக்கிறதென்று முனகினார்.
டிரம்மை எத்தனை சுற்று என்பதைச்
சுவரில் ஐந்தைந்தாகக் கோடு கிழித்திருக்கிறார்,
நிலைப்படி தொடங்கி ஜன்னல் வரை.
ஓசூரிலிருந்து வந்த மகன்
வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டான்.
அந்தச் சுவரை விட்டுவிடு என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை.

தூள் மாற்றும் நாளில் வீடே தீட்டு.
எண்பதாம் நம்பர்த் துகள் ஒன்று
நானூறில் விழுந்தால் மூன்று மாத வேலை பாழ்.
ஃபேன் கூடாது. பெருக்கக் கூடாது.
புடவையை உதறக் கூடாது.
ஏற்காட்டுக்கு ஏறும் லாரி கியர் மாற்றினால்
தரை அதிர்கிறதென்று அதற்கும் திட்டு.
கீல் உருக்கியது என் பால் பாத்திரத்தில்.
அடியில் கறுப்போடு
அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஒருநாள் மொட்டைமாடியில் சனி வளையம் காட்டினார்.
நான் பார்த்து முடிப்பதற்குள்
'ஓரம் சரிஞ்சிருக்கு' என்று
கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கீழே போய்விட்டார்.

ஒரு மார்கழி ராத்திரி எழுப்பினார்.
அறையின் இந்தக் கோடியில் குட்டி பல்பு,
பாதியாக உடைத்த சவர பிளேடு.
அந்தக் கோடியில் கண்ணாடி.
பிளேடு ஓரமாகக் கண்ணை வை என்றார்.
வட்டம் நிறையச் சாம்பல் வெளிச்சம்,
கோலப் பொடி சலித்துக் கொட்டிய மாதிரி,
எங்கும் ஒரு மேடு இல்லை.
'இரு' என்று போய்
கட்டைவிரலை அதன் மேல் அழுத்தி
பத்து எண்ணி எடுத்தார்.
விரல் போன இடத்தில் எழுந்தது ஒரு குன்று,
ஒரு பக்கம் நிழலோடு, சேர்வராயன் மாதிரியே.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
மெல்ல மெல்ல அமிழ்ந்து போயிற்று.
'சூட்டுக்குக் கண்ணாடி வீங்கும்' என்றார்.
'இப்ப நீ போய் வை.'
வைத்தேன்.
இருட்டில் வெகுநேரம் சத்தமே இல்லை.
பிறகு, 'உனக்குப் பெரிசு' என்றார்.

நேற்று அந்தக் கண்ணாடியை
அதே ஸ்டாண்டில் நிறுத்தினேன்.
பல்பு எரிந்தது.
விரலை அழுத்தி, பத்து எண்ணி,
இந்தக் கோடிக்கு ஓடி வந்தேன்.
அறுபத்தெட்டு வயது முட்டி.
ஸ்டூல் இடித்தது.
பிளேடு ஓரம் கண் பொருந்துவதற்குள்
எல்லாம் சமமாகிவிட்டிருந்தது.

இன்றைக்கு
முப்பது எண்ணிப் பார்க்க வேண்டும்.