ஆன் டைம், இன் டைம்

திருத்துறைப்பூண்டி, ஜெராக்ஸ் கடை மாடி.
செவ்வாய், வெள்ளி ஆறரைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ்.
டைமைச் செலவழிக்கலாம், மிச்சம் பிடிக்கலாம்,
கொல்லவும் செய்யலாம் என்கிறார் ஜெசிந்தா மிஸ்.
"கொன்னா கேஸ் உண்டா மிஸ்?"
இளமாறன், கதிரறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன்.
டைம் இஸ் மணி என்றதும்
"மணிக்கு ரெண்டாயிரத்து நானூறு, டீசல் சேத்து" என்றான்.
எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

எனக்குச் சிக்கியது வேறு.
ஆன் டைம் என்றால் சொன்ன நேரத்துக்கு.
இன் டைம் என்றால் கெடுவதற்கு முன்னால்.
"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"
ரயிலை வைத்து விளக்கினார்.
எங்கள் ஊர் ரயிலை வைத்து
எதுவும் விளங்காது.

நோட்டில் நானே எழுதிப் பார்த்தேன்:
ஜூன் பன்னிரண்டு, மேட்டூரில் ஷட்டர் ஏறியது.
ஆன் டைம்.
முறை வைத்து, மதகு மதகாய் நின்று
நுரையும் சருகுமாய்
எங்கள் கடைமடை வாய்க்காலுக்கு அது வந்த அன்று
பயிரில் மாட்டை அவிழ்த்துவிட்டு
நாலு நாள் ஆகியிருந்தது.
இதற்கு எந்த டைம்?

மிஸ் வாங்கிப் படித்தார்.
ஒரு ஸ்பெல்லிங்கைத் திருத்தினார்.
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.
பிறகு வாட்சைப் பார்த்து
"டைம் ஆச்சு, கெளம்புங்க" என்றார்,
போர்டில் இல்லாத இங்கிலீஷில்.