சில்லறையாக

சாம்பல் புதன்.
செக்காலைக் கோயிலில் பூசை முடிந்து
நெற்றிச் சிலுவை உதிருமுன்னே கடையைத் திறந்துவிட்டேன்.
காரைக்குடியில், முனீஸ்வரன் கோயில் தெருவில்,
பழைய சாமான் விற்கிறவன் நான்.
பழையதாக்கியும் விற்கிறவன்.

பின்கட்டில் ஒரு பெட்டகம்.
தை மாதம் அறுத்த பலகை.
டீத்தூள் கொதித்த தண்ணீர் மூன்று பூச்சு,
மூலைகளில் சங்கிலியால் நாலு அடி,
கீலுக்குப் புளியும் உப்பும்,
கடைசியில் இடுக்குகளில் போய் அடைய
கொஞ்சம் அடுப்புச் சாம்பல்.
குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன்.

"சந்தியாகு,
நெத்தியிலயும் சாம்பல், பெட்டியிலயும் சாம்பலா?"
நன்மாறன். எதிர்ச்சாரியில் கடைசல் பட்டறை.
சாமி இல்லை என்று வாசலில் எழுதி மாட்டாத குறை.
கட்டில்கால் கடைந்து
புதுக்கால் என்று சொல்லியே விற்பவன்.

"போன மாசம் ஒரு கோயமுத்தூர் ஜோடி.
அந்தப் பொண்ணு கையில மருதாணிகூட மங்கல.
ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்த பெட்டின்னு சொன்ன.
நாப்பத்தெட்டாயிரம்.
ஏப்பா, அந்தக் கப்பலுக்கு மாலுமி உங்க சாமிதானா?"

என்னிடம் பதில்கள் உண்டு.
வருஷா வருஷம் தியானக் கூட்டங்களில் சேர்த்தவை.
கோயில் ஒரு ஆஸ்பத்திரி, நோயாளிதானே வருவான் என்பது ஒன்று.
என்னைப் பார்க்காதே, அவரைப் பார் என்பது ஒன்று.
நீ மட்டும் யோக்கியமா என்பது
எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.
ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.
நல்ல பாலிஷ்.
எல்லாவற்றின் மூலையிலும்
நானே அடித்த சங்கிலித் தடம்.

ஆஸ்பத்திரி என்பது உண்மைதான்.
நான் மருந்துச்சீட்டைச் சட்டம்போட்டு
மாட்டிவைத்திருப்பவன்.

போன சனிக்கிழமைகூடப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்
"பொய் சொன்னேன் சாமி" என்று சொல்லி எழுந்தேன்.
எத்தனை, யாரிடம், எவ்வளவுக்கு?
அவர் கேட்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை.
அங்கே மொத்தமாகத் தள்ளிவிட்டு வந்ததை
இவன் இங்கே சில்லறையாக எண்ணுகிறான்,
மருதாணி உட்பட.

பூசையில் நெஞ்சில் மூன்று முறை தட்டுவோம்.
தட்டினாலே எனக்கு மரம் தெரியும்.
தேக்குக்கு ஒரு சத்தம், வேம்புக்கு ஒன்று,
ஒட்டுப்பலகை பொத்தென்று சொல்லிவிடும்.
நாற்பது வருஷமாகத் தட்டுகிறேன்,
அந்தச் சத்தத்துக்கு மட்டும் காது கொடுத்ததில்லை.

"ஆமா" என்றேன்.
இன்னும் ஏதோ வரும் என்று அவன் நின்றான்.
ஆனால், இருந்தாலும், என்ன இருந்தாலும்
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
மென்று விழுங்கினேன்.
"அந்தக் கப்பல் நான் விட்டதுதான்."

பில் புத்தகத்தில் நம்பர் இருந்தது.
நாலு மடங்காகத் திருப்பித் தந்தவன் வேதத்தில் உண்டு.
கணக்குப் போட்டேன், வியர்த்தது.
ஒரு மடங்குக்கே சீட்டு எடுக்க வேண்டும்.
அந்தப் பெண்தான் பேசினாள். சொன்னேன்.
வெகுநேரம் அங்கே மிக்ஸி ஓடுகிற சத்தம்.
"அவர் வந்ததும் பேசச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.
பொழுது சாயும்வரை அவர் பேசவில்லை.

பெட்டகத்தின் மேல் சாக்குக்கட்டியால்
'புதுசு, தை மாசம்' என்று எழுதினேன்.
விலை பாதியாகி உட்கார்ந்திருக்கிறது.

நன்மாறனைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை.
எந்த முகத்தோடு?
ஆறு மணிக்கு அவனே டீ சொல்லிவிட்டுக் குரல் கொடுத்தான்.
"இன்னைக்கு எனக்கு ஒருசந்தி" என்றேன்.
"நெசமாவா?"

பின்கட்டில் நின்றபடி காலையில் தின்ற
இரண்டு வடைகள் ஞாபகம் வந்தன.
"கொண்டா" என்றேன்.