மூலம் என்றொரு கட்டம்

படிவத்தில் மற்றதெல்லாம் எழுதியாயிற்று.
தென்னை நார்க்கழிவு: திருவதிகை தாண்டிய கயிற்று ஆலை,
மும்முறை அலசி உப்பிறக்கியது, ரசீது உண்டு.
பிரஸ் மட்: நெல்லிக்குப்பம்,
நாற்றம் அடங்கி
மண்வாசம் வந்தபின்தான் எடை போட்டோம்.
வேப்பம் புண்ணாக்கு: விருத்தாசலத்துச் செக்கு,
கொட்டை பொறுக்கியவர்களின் கூலிக் கணக்குகூட
நோட்டுப் பக்கமாக ஜெராக்ஸ் வந்திருக்கிறது.

செம்மண்: மூலம்?
பேனா அங்கே நின்றது.
தனவேலின் டிப்பர்தான் எனக்குத் தெரிந்த மூலம்.

"கடக்கால் தோண்டுன மண்ணு மேடம்."
எங்கே?
"கேப்பர் மலைப் பக்கம்."
வாரம் நான்கு நடை வருகிறதே, அத்தனை வீடா?
"கட்டுறாங்களே" என்றார்.
பின்னால் ஒரு பஸ் ஹாரன்
அவரைக் காப்பாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் போனேன்.
வீடு இல்லை.
மூன்று ஆள் உயரத்துக்கு வெட்டிய சிவப்புச் சுவர்.
விளிம்பில் ஒரு முந்திரி மரம்,
பாதி வேர் மண்ணில், பாதி வேர் காற்றில்,
அப்படியும் பூத்திருந்தது.
கீழே டயர்த் தடம் பார்த்தேன்.
பின்சக்கரம் ஒன்றில் பட்டன் தேய்ந்தது.
தினமும் எங்கள் வாசலில் நான் தாண்டும் தடம்.

எங்கள் பையில் பச்சை மையில் அச்சடித்திருக்கிறோம்:
இயற்கையின் மடியிலிருந்து உங்கள் மாடிக்கு.
பொய்யில்லை.
மஞ்சக்குப்பத்து மொட்டை மாடிகளுக்கு
ஐந்து கிலோ ஐந்து கிலோவாக
மலைதான் படியேறிக்கொண்டிருக்கிறது.

பை என்றதும் நினைவு வருகிறது.
போன ஐப்பசியில் காகிதப் பைக்கு மாறினோம்.
முதுநகர் கிடங்கில் வாடைக்காற்று ஒரு வாரம்.
எட்டாம் நாள் தூக்கினால்
கையில் பை, தரையில் உரம்.
கூட்டி அள்ளிய அஞ்சலாட்சி சொன்னாள்:
"அடமழைக் காலத்துல நம்ம ஊர்ல
காகிதமும் கஞ்சியும் ஒண்ணுதாங்கா."

அடுத்து, மக்கும் பை.
சான்றிதழில் நூற்றெண்பது நாள் என்றிருந்தது.
மோட்டார் ரூம் ஓரம் காகிதப்பூச் செடியடியில்
ஒன்றைப் புதைத்துத் தேதி குறித்தேன்.
இருநூற்றுப் பத்தாம் நாள் தோண்டினேன்.
சுருங்கியிருந்தது, கிழிந்திருந்தது,
ஒரு மண்புழு அதைச் சுற்றிக்கொண்டு போனது.
'மக்கும்' என்ற சொல் மட்டும்
மக்காமல் பளபளத்தது.

பிறகுதான் டிரம் வைத்தோம் கடை வாசலில்.
பை கொண்டுவந்தால் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு.
முதல் வாரம் யாருமில்லை.
அப்புறம் ஆட்டா பைகள், சிமெண்ட் சாக்கு,
ஜிப் போன பள்ளிக்கூடப் பை;
ஒருத்தர் தலையணை உறையை நீட்டினார்,
துவைத்து மடித்து, நீலப் பூ போட்டது.
அதில் உரம் அளந்து போட
ஏனோ என் கை தயங்கியது.

ஆனால் உறை எதுவானால் என்ன,
உள்ளே இருப்பது அதே சிவப்பு.

இன்று கட்டத்தில் எழுதினேன்:
கேப்பர் மலை. ஒரு முந்திரி மரத்தின் காலடி.
கையெழுத்துக்கு நீட்டினேன்.
அலாவுதீன் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
திரும்ப மாட்டாமல் மேசையில் வைத்தார்.
"இத அனுப்பினா ஆர்டர் போயிடும்."
தெரியும் சார்.
"அனுப்பலைன்னா?"
நான் பேசவில்லை.
வெளியே டிப்பர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்,
கீ கீ என்று ஒரு குஞ்சுபோல.

"செம்மண் இல்லாம, நார்க்கழிவக் கூட்டினா
செடி நிக்குமா?"

நிற்குமா என்று எனக்குத் தெரியாது.
ஜன்னலோரம் எட்டுத் தொட்டியில் மிளகாய் நாற்று
நட்டு ஒன்பது நாள் ஆகிறது.
ஐந்து நிமிர்ந்திருக்கின்றன.
மூன்று, கடற்காற்று எந்தப் பக்கம் சொல்கிறதோ
அந்தப் பக்கம்.

இன்னும் பதினைந்து நாள் கொடுங்கள் என்றேன்.
அவர் எழுந்து வாசலுக்குப் போய்
தனவேலைப் பார்த்துக் கையசைத்தார்,
கொட்ட வேண்டாம் என்பதுபோல,
அல்லது, கொஞ்சம் பொறு என்பதுபோல.