ஞாயிறு நாலு மணிக்குள் ஒரு கடல்

டேவானுக்கு எண்பது ரிங்கிட் கட்டியாயிற்று.
ரசீதின் பின்புறம் எழுதுகிறேன்:
நீலக் க்ரேப் காகிதம், பதினாறு சுருள்.
கண்ணாடி பலூன், குமிழிகளுக்கு.
கிளிஞ்சல் அச்சு ஒன்று.
பிளாஸ்டிக் காசு முப்பது, புதையலுக்கு.
இறால் வேண்டாம். மித்ரேஷுக்கு உதடு வீங்கும்.

அழைப்பிதழில்
‘கடலுக்கு அடியில் வாருங்கள்’ என்று அடித்து
அதன் கீழே
ஜெலுத்தோங், பிளாக் சி, தரைத்தளம்,
லிஃப்ட் பழுது, கவலை வேண்டாம்
என்றும் சேர்த்தேன்.

ஐந்து வயதாகப் போகிறவளிடம் சொன்னேன்:
பாசார் மாலாமில் கடற்கன்னி கவுன் பார்த்திருக்கிறேன்,
வால் முழுக்கச் செதில் மின்னும்.
நண்டு, என்றாள்.
கிரீடம்கூட உண்டு, யுகி.
நண்டு.
ஏன்டி?
அதுக்குத்தான் சைடுல நடக்கத் தெரியும்.

சிவப்பில் ஒரு ஜோடி
அடுப்புக் கையுறை வாங்கினேன்.

பக்கத்து வீட்டு ரோஹாயு
கம்பிக் கதவிடுக்கில் ஒரு பை சங்குப்பூ நீட்டினாள்.
சாயத்தூள் போடாதே, இதைக் கொதிக்க வை.
சோறு நீலமாயிற்று.
அகார் அகார் நீலமாயிற்று.
என் நகக்கண் நீலமாயிற்று.
எலுமிச்சை தவறி விழுந்த இடத்தில் மட்டும்
ஊதா நிறத்தில் ஒரு திட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரவு பத்தரைக்குக் கோகிலன் வந்தார்.
மேசைமேல் லாரிச் சாவி.
கால்சட்டை மடிப்பிலிருந்து தரையெங்கும் மணல்.
இன்று பதினொரு நடை என்றார்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
நடைக்கு எத்தனை அடி கடல் பின்வாங்குகிறது என்று
சோற்றைப் பிசைந்தபடி கணக்குச் சொல்வார்.
இப்போது நடை மட்டும்தான்.

கை கழுவிவிட்டு
என் எதிரே உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தார்.
பாசி வெட்டச் சொன்னால்
எல்லாம் தோரணமாகவே வந்தது.
அடியில என்னதான் இருக்கும்? என்று கேட்டார்.
நீங்கதானே தினமும் போறீங்க.
கொட்டுவேன், என்றார். பார்த்ததில்ல.

ஒரு மணி வரை வெட்டினோம்.

ஞாயிறு.
விசிறியைப் போட்டால் பாசி உயிரோடு ஆடுகிறது,
செலோடேப் பிய்ந்து பாதிக் கடல் கேக்கின்மேல் விழுகிறது.
நிறுத்தினால் கடல் அசையாமல் தொங்குகிறது,
பதினேழு பிள்ளைகளுக்கும் வேர்த்து ஊற்றுகிறது.
இரண்டாம் எண்ணில் வைத்தோம்.
சாசேஜ் ஆக்டோபஸ்களில் பாதிக்கு
ஆறு கால்தான்; யாரும் எண்ணவில்லை.
ஜூன் காய் ஒரு குமிழியைக் கடித்து வெடித்து
தானே பயந்து அழுதான்.
மித்ரேஷின் அம்மா மூன்றாம் முறையாகக்
காதருகே வந்து கேட்டாள்: இறால் இல்லையே?

புதையலுக்கு மணல்,
துணி அலசும் பெரிய பேசின் நிறைய.
லாரியிலிருந்து அவரே அள்ளி வந்து,
சலித்து, குழாயடியில் இருமுறை கழுவி,
காசுகளைப் புதைத்து உள்ளங்கையால் தட்டி வைத்தது.

முப்பது புதைத்தோம்.
கிடைத்தது முப்பத்தொன்று.

கையுறையோடு தோண்ட முடியாமல்
ஒன்றைக் கழற்றி எறிந்திருந்தாள் யுகி.
அவள் உள்ளங்கையில்
சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சங்கு,
வாயில் காய்ந்த பாசி ஒட்டியது,
இலேசான நாற்றத்தோடு.
அப்பா, இது பிளாஸ்டிக் இல்ல.
குனிந்து பார்த்தார்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
இதை நான் போடலம்மா, என்றார்,
யாரோ குற்றம் சாட்டியதுபோல.

அதற்குள் மெழுகுவத்தி கொளுத்தக் கூப்பிட்டார்கள்.

ஏழு மணிக்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.
கடலைச் சுருட்டினோம்.
இரண்டு கறுப்புப் பைகளில் அடங்கிவிட்டது.
மணலை என்ன செய்வதென்று தெரியாமல்
பேசினோடு தூக்கிக்கொண்டார் அவர்.
எட்டாம் மாடி வரை படி.
எனக்கு முன்னால்,
ஒரு கையில் கையுறை, மறு கை இறுக மூடி,
ஒவ்வொரு படியாய்ப்
பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.