நிற்பதற்குக் குதிரை இல்லை

தடுப்புக் கம்பத்தில் சிவப்பு விளக்கு
கண்சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.
இஃப்யோர்ட் மலைக்கு இந்தப் பக்கம்
வரிசையில் ஆறு வண்டிகள்.
இரண்டு மீன் லாரி, ஒரு தபால் வேன்,
நாய்கள் குரைக்கும் பழைய ஜீப்,
ஞானஸ்நானம் கொடுக்கப் போகும் பாதிரியார்,
கடைசியில் நான்.

தானாவில் ஒன்பதரை மணிக்கு
எனக்காக வீங்கிக் காத்திருக்கிறது
ஒரு கடைவாய்ப்பல்.
ஜனவரி. சூரியன் வர இன்னும் பதினோரு நாள்.
பானெட்டுக்கு அடியில்
முந்நூற்று நாற்பது குதிரைகள்
கொள்ளு கேட்டுக் கனைக்கின்றன.

நீல வண்டி. பெல்ஜியத்துக்காரனிடம்
இரண்டாம் கையாய் வாங்கியது.
இங்கபோர் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள்:
"பல் பிடுங்க இவ்வளவு அவசரமா?"
நான்கு சக்கரமும் இழுக்கும் என்றேன்.
சக்கரத்துக்கு எண்பத்தைந்து குதிரை.
டயருக்கு நூற்றுத் தொண்ணூறு ஆணி.
எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி.
"நிறுத்துவது யார்?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

பனி தள்ளும் லாரி வந்தது,
தலையில் சுழலும் ஆரஞ்சு விளக்கோடு.
ரிஸ்தென் கண்ணாடியை இறக்கி
ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்:
முன்னால் போகிறவரின் பின்விளக்கை விடாதே.
அது மறைந்தால் நில்.
நின்றால் இறங்காதே.

மணிக்கு இருபது கிலோமீட்டர்.
இவ்வளவு குதிரைகளைப் பூட்டி
பல்லக்கில் போகிறேன்.
காற்று பனியைச் சாலையில்
மாவு சலிப்பதுபோல் சலித்துக்கொண்டிருந்தது.
கம்பங்கள் வந்தன, போயின.
பாதிரியாரின் இரண்டு சிவப்புப் புள்ளிகள்
வந்தன, போகவே இல்லை.

ஆகவே பின்தங்கினேன்.
வேண்டுமென்றே.
இடைவெளி வளரட்டும் என்று
மெல்ல மெல்ல,
பசித்தவன் இலைமுன் கை கட்டியிருப்பதுபோல்.

பிறகு மிதித்தேன்.

ஐயோ, அந்த மூன்று விநாடி!
ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது பிடித்தது,
மற்றது வழுக்கினால் இன்னொன்று.
முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளினார்கள்.
பனிக்கு நான் விலக்கு என்று
முழுசாக நம்பினேன்.

வளைவில் சிவப்பு விளக்கு.
மிக அருகில்.
பிரேக் பாதத்துக்கடியில்
கோழிபோல் துடித்தது, அவ்வளவுதான்.
யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.
எனக்கோ நான்கு அடியும்
ஒரே மனதாய்ச் சறுக்கின.
போவதற்கு எத்தனை குதிரை!
நிற்பதற்கு
ஒரு கழுதைகூட இல்லை.

பாதிரியாரை இடிக்கவில்லை.
பனிமேட்டுக்குள் மூக்கை நுழைத்து
சத்தமில்லாமல் நின்றது வண்டி.
வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது.
ரேடியோ காட் மீன் விலை வாசித்தது.
இரண்டு கலைமான்கள் என்னைப் பார்த்துவிட்டு
மென்றதைத் தொடர்ந்தன.

ரிஸ்தென் திரும்பி வந்தாள். கயிறு கட்டினாள்.
இழுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையால் பானெட்டின் பனியைத் துடைத்தபடி,
"முந்நூறா?"
"முந்நூற்று நாற்பது."
கொஞ்ச நேரம் கழித்து:
"ஞாயிற்றுக்கிழமை மீன் ஆலைக்குப் பின்னால்
யாரும் இருக்கமாட்டார்கள்."

அங்கே, உறைந்த காலியிடத்தில்,
சாவியை வாங்கிக்கொண்டாள்.
பதினாறு குளிர்காலமாய்
இருபதில் மலை ஏறுகிற பெண்.
காலைத் தூக்கினாள், மூக்கு தரையைக் கவ்வியது,
வால் வீசித் திரும்பியது.
ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து
மிதியை மெல்ல, மிக மெல்ல ஊட்டினாள்.
போகும் வழியைப்
பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி
வட்டம் போட்டோம்,
வட்டத்தின் மேல் வட்டம்,
நான்கு பக்கமும் பனி இறைய.

வாய்விட்டுச் சிரித்தாள்.
என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.
மேலே, இடப்பக்கம், நான்காவது பல்
அவளுக்கு இல்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.