கசிவு

சென்னையில் ஒரு கணினி
பூவா தலையா போட்டது.
அறுபத்திரண்டு மாங்கூழ் ஆலைகள்.
பூ விழுந்தவர்களுக்கு ஆலோசகர் வருவார்,
வெள்ளைப் பலகை வரும், பேரேடு வரும்,
தரையில் மஞ்சள் கோடு வரும்.
தலை விழுந்தவர்களுக்கு
நான் மட்டும் வருவேன்,
நாலு மாதத்துக்கு ஒருமுறை,
கேள்விகளோடு.

கௌரம்மாவுக்குத் தலை.
சாலைக்கு அந்தப் பக்கத்து ஆலைக்குப் பூ.

காவேரிப்பட்டணத்திலிருந்து போச்சம்பள்ளி போகிற வழி.
ஸ்கூட்டியை நிறுத்தும்போதே ஈ மொய்த்தது.
ஆனி மாசம். பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
எடைமேடையிலிருந்து வளைவு வரைக்கும்.
கிலோ நாலரைக்கு இறங்கிவிட்டது;
பழத்தின்மேலேயே துண்டை விரித்து
ஓட்டுநர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி பதினேழு:
இயந்திரம் பழுதானால் காரணத்தை எங்கே குறித்து வைப்பீர்கள்?
"கலீம் பாய்கிட்ட."
கொதிகலனுக்கு அடியிலிருந்து ஒரு கை ஆடியது.
ஐந்துக்கு ஒன்று.

கேள்வி இருபத்து நாலு:
சரியாக வேலை செய்யாதவரை எத்தனை மாதத்தில் நீக்குவீர்கள்?
"அவன் என் நாத்தனார் புருஷன்.
இந்த இடத்துப் பத்திரம் அவன் பேர்ல இருக்கு.
அவன் என்னை நீக்காம இருந்தா போதும்."
சிரிக்கக் கூடாது என்பது பயிற்சியில் சொன்னது.
ஐந்துக்கு ஒன்று.

இந்தப் பருவத்துக்கு உங்கள் இலக்கு என்ன,
அது எத்தனை பேருக்குத் தெரியும்?
பதில் இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்
டிராக்டர்களை எண்ணிவிட்டு வந்தாள்.
"பதினொண்ணு. எல்லாருக்கும் தெரியும்."
வெகுநேரம் யோசித்து இரண்டு போட்டேன்.

"எனக்கு எத்தனை மார்க்?"
சொல்லக் கூடாதும்மா.
"எதிர்ல இருக்கறவருக்கு?"
அதுவும்.
"அப்புறம் என்கிட்ட எதுக்கு வர்றே?"
நீங்க இருந்தாத்தான்
அவங்க எவ்வளவு முன்னேறினாங்கன்னு தெரியும்.
சொல்லி முடித்த பிறகுதான்
அது என் காதிலேயே விழுந்தது.
கௌரம்மா மாங்காய்த் துண்டை உப்பில் தொட்டாள்.
"சரிதான். குச்சி நட்டாத்தானே
ஆத்துல தண்ணி ஏறினது தெரியும்."

அடுத்த முறை ஐப்பசி. மழை.
பருவம் முடிந்து, கழுவி விட்ட வாடையோடு ஆலை.
தரையில் மஞ்சள் கோடு.

கூடைகளுக்கு ஒரு கட்டம், கத்திகளுக்கு ஒரு கட்டம்,
நடுவில் நடக்க வழி,
கொதிகலன் பக்கம் மட்டும் கொஞ்சம் கோணல்.
பலகை இல்லை. கதவின் பின்புறத்தில் கரித்துண்டால்:
ஆடி ஒம்பது. பெல்ட் அறுந்தது. ரெண்டு மணி நேரம்.
ஒண்ணரை டன் புளிச்சுது.

மாதையன் பருவத்தில் பகலெல்லாம் எதிரே,
ராத்திரி இங்கே. இரண்டு கூலி.
சாலையைத் தாண்டும்போது
கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டா வருவான்?

வெளியே வந்து, புளியமரத்தடியில் நனைந்தபடி
பேராசிரியருக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"கசிவு," என்றார் பிறகு.
ஒப்பீட்டுக் குழு கெட்டுவிட்டதாம்.
பழக்கூடைக்குச் சொல்கிற அதே குரலில்.

நான் அவரிடம் சொல்லாதது:
எதிர் ஆலையில் ஆடியிலிருந்து
சனிக்கிழமை மத்தியானமே கூலி,
ஞாயிறு சந்தைக்கு முன்னால்.
அது கௌரம்மா வழக்கம்.
திங்கட்கிழமை இப்போது அங்கே ஆள் குறைவதில்லை.
ஆலோசகர் தன் அறிக்கையில்
வெள்ளைப் பலகையின் பலன் என்று எழுதியிருக்கிறார்.
சாலையை இந்தப் பக்கமிருந்து தாண்டுவதற்கு
படிவத்தில் கட்டம் கிடையாது.

உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.
இந்த மாற்றத்தைக் கற்றுக்கொடுத்தது யார்?
ஒன்று, ஆலோசகர். இரண்டு, அரசு அதிகாரி.
மூன்று, வங்கி. நாலு, மற்றவை: குறிப்பிடுக.

"நாலு," என்றாள் கௌரம்மா.
"எழுதிக்கோ.
அவங்ககிட்ட பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு."