கதவைச் சீக்கிரம் சாத்து

எஸ்டேட் ஏலத்தில் எடுத்த ரிக்கவரி வண்டி.
ஏழு லிட்டர், எட்டு சிலிண்டர்,
கம்ப்ரஷன் மட்டும் எட்டுக்கு ஒன்று.
டானிங்டனில் என் ஷெட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு
போஜன் சொன்னான்:
குடிக்கிறது அக்கா, இழுக்க மாட்டேன் என்கிறது.

கழற்றிப் பார்த்தேன்.
பீளமேட்டில் எவனோ பந்தயக் கேம் போட்டிருந்தான்.
நின்ற இடத்தில் உதறும்,
நாலாயிரம் சுற்றுக்கு மேல் பாடும்.
நாலாயிரத்தில் வைத்துக்கொண்டு
யாருடைய லாரியைப் பள்ளத்திலிருந்து தூக்குவது?

ஹெட்டை இழைத்துவிடலாமா என்றான்.
இழைக்கலாம்.
அப்புறம் மேனிஃபோல்டு உட்காராது, அதையும் இழை,
புஷ்ராடு நீளம் போதாது, அதையும் மாற்று,
கடைசியில் உன் பாஸ்புக்கையும் இழை.

மேட்டுப்பாளையத்தில் ஐந்து பங்கு காற்று என்றால்
இங்கே நான்குதான்.
கிடைப்பதே அவ்வளவு.
அதில் இந்தக் கேம் செய்கிற வேலையைப் பார்:
பிஸ்டன் அடிவரை போய்த்
திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும்
இன்லெட் வால்வு திறந்தே கிடக்கிறது.
குடித்த வாயாலேயே பாதியைத் துப்பிவிட்டு
மிச்சத்தை அழுத்துகிறது.
எட்டு என்பது காகிதத்தில்.
உள்ளே ஆறுகூடத் தேறாது.

சின்னக் கேம் வரவழைத்தேன்.
கிராங்க் முனையில் டிகிரி தட்டு,
ஹேங்கர் கம்பியை வளைத்து ஒரு முள்.
ஷட்டருக்கு அடியில் பனி நுழைந்து
டயல் கேஜின் கண்ணாடியை மறைக்க,
துடைத்துத் துடைத்துப் பார்த்து
நாலு டிகிரி முன்னால் தள்ளினேன்.
கதவு சீக்கிரம் சாத்தவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.
ஒரு பல் தப்பி மாட்டியதில்
ஒரு நாள் முழுக்கப் போனது.
அதை போஜனிடம் சொல்லவில்லை.

கார்புரேட்டரையும் சிறியதாக்கினேன்.
ஹோஸ் வாயில் கட்டைவிரலை வைத்தால்
தண்ணீர் எட்டிப் பாயுமே, அதற்காக.
டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு ஸ்பிரிங்கை இளைக்கவிட்டேன்,
தீப்பொறி கொஞ்சம் முந்திக்கொள்ளட்டும் என்று.

முன்பு கேஜ் காட்டியது நூற்றைந்து.
இப்போது நூற்று முப்பத்தெட்டு.
ஹெட் மேல் அரம் படவில்லை.

அடுத்த வாரம், இரவு இரண்டு மணி.
குஞ்சப்பணைக்குக் கீழே கேரட் லாரி ஒன்று
பக்கவாட்டில் படுத்திருந்தது.
டிரைவர் ஆரோக்கியத்துக்கு உதட்டில் மட்டும் கீறல்.
பலா மரத்தடியில் யானை நிற்குமோ என்று
காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் ஆக்சிலரேட்டரைத் தொடவிடவில்லை.
ஆயிரத்து நூறு சுற்று.
வின்ச் வயர் இறுகி, ஒரு நொடி
எதுவும் நடக்கவில்லை.

பிறகு லாரி நகர்ந்தது,
தூக்கத்தில் புரள்கிறவனைப் போல.
என்ஜின் குரலை உயர்த்தவே இல்லை.
சைலன்ஸர் மட்டும் கனமாக, நிதானமாக
ஒவ்வொரு வெடியையும் எண்ணிக்கொண்டிருந்தது.

இனி வேகமாகவும் போகுமா அக்கா, என்றான் போஜன்.
போகாது.
முன்னைவிட மெதுவாகத்தான் போகும்.

முகம் சுருங்கியது.
பில்லில் பாதிதான் கொடுத்தான்.
மீதிப் பாதிக்கு
ஆரோக்கியம் இறக்கி வைத்த இரண்டு மூட்டை கேரட்
இன்னும் ஷெட்டில் இருக்கிறது,
டிகிரி தட்டுக்குப் பக்கத்தில்,
மண் கழுவாமல்.